வாக்குமூலத்தில் ஒரு சொல்

நான்கு மணி நேரம், பதினேழு நிமிடம். இக்னேஷியஸ் அந்த இரும்புப் பெட்டிக்குள் இருந்த நேரம் அது. காலை பத்து ஐம்பத்திரண்டுக்குக் கதவு சாத்தப்பட்டது. மதியம் மூன்று ஒன்பதுக்குத் திறக்கப்பட்டது. இரண்டு நேரங்களையும் அறிக்கையில் தட்டச்சு செய்தவள் யசோதரா. கழித்துப் பார்த்து விடை எழுதியவளும் அவள்தான்.

அக்னி நட்சத்திரம் தொடங்கி ஐந்தாம் நாள். வெளியே நாற்பத்தோரு டிகிரி. உள்ளே எவ்வளவு இருந்திருக்கும் என்று பி.எஸ்சி. இயற்பியல் படித்தவளால் கணக்குப் போட முடியும். ஒருமுறை போட்டாள். பிறகு அந்தத் தாளைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டாள்.

விம்கோ நகரைத் தாண்டி எண்ணூருக்குப் போகும் சாலையில் இருக்கிறது அந்த யார்டு. துறைமுகத்திலிருந்து காலியாகத் திரும்பும் கன்டெய்னர்கள் அங்கே வரும். ஓட்டை உடைசல் பார்த்து, கழுவி, ஒட்டுப்போட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பார்கள். ஓட்டை பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் கிடையாது. சர்வேயர் பெட்டிக்குள் போய் நிற்பார். உதவியாள் வெளியிலிருந்து கதவைச் சாத்துவார். உள்ளே கும்மிருட்டு. கூரையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெயில் அதன் வழியாகப் பளிச்சென்று தெரியும். எத்தனை புள்ளி என்று எண்ணிக்கொண்டு, சர்வேயர் உள்ளங்கையால் கதவை இரண்டு தட்டு தட்டுவார். இரண்டு தட்டினால் திற என்று பொருள். எந்த விதிப் புத்தகத்திலும் அது இல்லை. ஆனால் யார்டில் டீ கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும். உள்ளே ஆள் இருக்கிறார் என்பதற்கு அடையாளமாகத் தாழ்ப்பாளில் ஒரு சிவப்புத் துணி கட்டுவார்கள்.

அன்றைக்கு உள்ளே போன சர்வேயர் இக்னேஷியஸ். துணி கட்டியவர் உதவியாள் மண்ணாங்கட்டி. கட்டிய இரண்டாவது நிமிடம் மேனேஜர் செங்குட்டுவனிடமிருந்து போன். ட்ரெய்லர் ஒன்று பின்னால் வரும்போது கேட்டில் சிக்கிக்கொண்டது, உடனே வா என்று. துணிதான் இருக்கிறதே, யார் தொடப்போகிறார்கள் என்று அவர் ஓடினார். கடல் காற்று துணியை அவிழ்த்துக்கொண்டு போயிற்று. மறுநாள் அது வேலிக் கம்பியில் கிடந்தது.

பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஸ்டாக்கர் வண்டியை ஓட்டுகிற திலீப், எதை எங்கே வைப்பது என்று கையில் இருந்த சீட்டின்படி பதினொன்று ஐந்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி மூன்றாவது அடுக்கில் வைத்தார். மண்ணாங்கட்டி திரும்பி வந்தபோது பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. யாரோ கதவைத் திறந்து சாரை வெளியே விட்டுவிட்டுப் பெட்டியை எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். இக்னேஷியஸும் அன்று அரைநாள் லீவு சொல்லியிருந்தார். ராயபுரத்தில் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். அதனால் யாரும் தேடவில்லை. அவர் சட்டைப் பையில் போன் இருந்தது. பதினோரு தடவை முயன்றிருக்கிறார். நான்கு பக்கமும் இரும்பு அடைத்த பெட்டிக்குள் அலை நுழையாது. யசோதரா அதை முதல் வருடப் பாடத்திலேயே படித்தவள்.

மூன்று மணிக்கு ஒரு ட்ரெய்லருக்கு அதே பெட்டி தேவைப்பட்டது. திலீப்பே இறக்கினார். உள்ளே கூட்டிப் பெருக்குவதற்காக மண்ணாங்கட்டி கதவைத் திறந்தார். திறந்தவர் போட்ட கூச்சல் சாலை வரைக்கும் கேட்டது. வண்டியிலிருந்து குதித்து, இக்னேஷியஸைத் தோளில் போட்டுக்கொண்டு கேட் வரை ஓடியவர் திலீப்தான்.

அன்று மாலை ஆறு மணிக்கு வாக்குமூலம். இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு ஆங்கிலத்தில் வேண்டும். யார்டில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவள் யசோதரா ஒருத்திதான். வியாசர்பாடி குடியிருப்பிலிருந்து வருகிற பெண், வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மற்றவர்கள் கேலி செய்யும் அளவுக்குப் பேசாதவள். ஆனால் எழுத்தில் பிசகு இருக்காது. அதனாலேயே அவளுக்கு அந்த வேலை கிடைத்தது.

திலீப் எதிரில் உட்கார்ந்தார். சட்டையில் இக்னேஷியஸின் வாந்தி காய்ந்து போயிருந்தது.

"தூக்கசொல்லோ உள்ள தொப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சு மேடம். எதுனா கட்டை சாஞ்சி வுயுந்திருக்கும்னு நென்சிகினேன். கலீஜா கெடக்கும் இல்ல உள்ள, பலகை, கயிறுன்னு. ஆள் இருப்பாருன்னு யாருக்குத் தெரியும்?"

அவள் தட்டச்சு செய்தாள்.

"இன்னா மேடம் எழுதிகீற?"

"நீங்க சொன்னதுதாண்ணா."

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். கதவருகே நின்று, "சாருக்கு ஒண்ணும் ஆவாது இல்ல?" என்று கேட்டார். அவள் ஆகாது என்று தலையாட்டினாள்.

அவர் போன பிறகு திரையில் இருந்ததைப் படித்துப் பார்த்தாள். பெட்டியைத் தூக்கும்போது உள்ளேயிருந்து ஒரு 'தம்ப்' (thump) கேட்டது என்று இருந்தது.

திலீப் சொன்னது தம்ப் இல்லை. அவர் சொன்னதற்கு ஆங்கிலத்தில் 'தட்' (thud) என்று பெயர். தமிழில் எழுதினால் தட்டுவது போலத் தெரியும். ஆனால் தட்டுவது அதுவல்ல. கனமான ஒன்று சாய்ந்து விழுகிற ஓசை அது. மூட்டை விழுந்தாலும் தட், மனிதன் விழுந்தாலும் தட். தம்ப் வேறு. அகராதியில் இரண்டும் நெருங்கின சொந்தம் மாதிரி இருக்கும். ஆனால் தம்ப்பில் ஒரு கை இருக்கிறது. யாரோ முஷ்டியால், உள்ளங்கையால், வேண்டுமென்றே ஓங்கி அடிக்கிறார். தட்டைக் கேட்டவன் பலகை என்று நினைத்துத் தூக்கலாம். தம்ப்பைக் கேட்டும் தூக்கியவன் என்றால் அவனை எவரும் மன்னிக்கமாட்டார்கள்.

திருத்த வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் செங்குட்டுவன் வந்து தாளை வாங்கிக்கொண்டு போனார். ஒரு நிமிடம் சார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தச் சொல் தன் கைக்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்தாள்.

அவளுக்கு யார்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு. டங் மேடம். சேர்ந்த புதிதில், ஜனவரியில், அடுக்கி வைத்த பெட்டியிலிருந்து சத்தம் வருகிறது, உள்ளே ஆள் இருக்கிறார் என்று அவள் ஓடிப்போய் ஸ்டாக்கரை நிறுத்தினாள். மூன்று பெட்டிகளை இறக்கித் திறந்து பார்த்தார்கள். ஒன்றுமில்லை. வெயில் ஏற ஏறத் தகடு விரிந்து டங்கென்று துள்ளுகிற சத்தம். இயற்பியல் படித்தவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு ஒரு ட்ரெய்லருக்குத் துறைமுகத்தில் நேரம் தவறிப்போயிற்று. செங்குட்டுவன் எல்லாருக்கும் முன்னால், "காலேஜ்ல இதெல்லாம் சொல்லித்தரலையா?" என்று கேட்டார். அதன்பிறகு அவள் நடந்து போனால் யாராவது ஹெல்மெட்டை விரலால் சுண்டுவார்கள். "டங்! மேடம், உன்னை யாரோ கூப்டறாங்கோ!" அந்தப் பெயரை வைத்தவர் திலீப். கெட்ட எண்ணத்தில் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு மீன் வறுவல் கொடுப்பவரும் அவர்தான். ஆனாலும் அவள் அந்தப் பெயரோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போன சாயங்காலங்கள் நிறைய.

அந்தக் கோபத்தில்தான் சொல்லை மாற்றி எழுதினேனா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். அப்படி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அது அவளுக்கும் திலீப்புக்கும் நடுவே தீர்ந்துவிடும். இது அப்படித் தீரக்கூடியது இல்லை.

நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இக்னேஷியஸ் கண் விழித்திருந்தார். சிறுநீரகம் படுத்துவிட்டது, இரண்டு தடவை ரத்தம் சுத்தம் செய்திருந்தார்கள். வலது கை முழுக்கக் கட்டு. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன. அவர் மனைவி ரெஜினா ஒரு சின்ன டம்ளரில் கோடு வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாளைக்கு அரை லிட்டருதான் குடுக்கணுமாம்மா. உள்ள தண்ணி தண்ணின்னு தவிச்ச மனுசன். வெளிய வந்தும் அளந்து அளந்து குடுக்கறேன்."

யசோதரா வாங்கிவந்த இளநீரை மேசைக்கடியில் மறைத்து வைத்தாள்.

"திலீப்பு எப்படிக் கீறான்?" இக்னேஷியஸ் கேட்டார். குரல் கம்மியிருந்தது. "என்னைத் தூக்கினு ஓடுனானாமே."

"நல்லா இருக்காரு சார்."

"பாவம், அவனைப் போட்டுக் கொடையறாங்கன்னு மண்ணாங்கட்டி சொன்னான். அவன் மேல தப்பு இல்லம்மா. பெட்டி எழும்பச்சொல்ல நான் வழுக்கிப் போய் அந்தாண்ட மூலைல வுயுந்தேன். மண்டைல அடி. கொஞ்ச நேரம் ஒண்ணுமே தெரியல. அவன் தூக்கசொல்லோ நான் எங்க தட்னேன்? அதெல்லாம் மேல வெச்சி ரொம்ப நேரம் கழிச்சிதான்."

"இதை நீங்க அவங்ககிட்ட..."

"சொன்னேனே. சூட்டுல மூளை கலங்கியிருக்கும், இதை எடுத்துக்க முடியாதுன்னுட்டான் செங்குட்டுவன்." கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "ரெண்டு ரெண்டா தட்னேன்மா. நம்ம வழக்கம் அதானே. யாருனா திறப்பாங்க, திறப்பாங்கன்னு. உன் கேபினு கிட்டதானே. உனக்கு எதுனா கேட்டுச்சா?"

ரெஜினா டம்ளரோடு திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல சார்," என்றாள் யசோதரா.

"எங்க கேக்கும், நீ ஃபேன் போட்டுனு ஒக்காந்திருப்ப." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "விடு. நீ எதுக்கு அழுவற?"

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கினாள். மூடியைத் திறந்தாள். குடிக்கப் பிடிக்கவில்லை. பெரம்பூர் வரைக்கும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே போனாள்.

ஏழாம் நாள் செங்குட்டுவனின் அறைக்குப் போனாள். இரண்டு தடவை வாசல்வரை வந்து திரும்பிய பிறகு.

"சார், திலீப் அண்ணா வாக்குமூலத்துல ஒரு வார்த்தை மாத்தணும். தம்ப்னு இருக்கு. தட்னு இருக்கணும்."

"ரெண்டும் சத்தம்தானே?"

"இல்ல சார். ஒண்ணு அடிக்கிறது. ஒண்ணு விழறது."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவருக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும் என்று புரிந்தது.

"இங்க பாரு யசோதரா. கையெழுத்துப் போட்டாச்சு. இப்போ மாத்தினா யாரு மாத்தினா, எதுக்கு மாத்தினான்னு ஆயிரம் கேள்வி வரும். மண்ணாங்கட்டியைக் கேட்டுக்கு யாரு கூப்பிட்டான்னும் வரும். உனக்கும் தலைவலி, எனக்கும் தலைவலி. வாயில்லாப் பூச்சின்னு நினைச்சேன், இப்போதான் வாய் முளைச்சிருக்கா?"

அவள் வெளியே வந்தாள். ஸ்டாக்கர் நிழலில் திலீப் உட்கார்ந்திருந்தார். வண்டியை ஓட்டக் கூடாது என்று சாவியை வாங்கிவிட்டிருந்தார்கள். ஆனாலும் தினமும் வந்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"இன்னா டங் மேடம், மூஞ்சி தொங்கிப்போய்க் கீது?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "வர்ற வியாயக்கெயம விசாரணையாம். லைசென்ஸ் பூடும்ன்றாங்கோ. போலீசு கேஸும் ஆவுமாம். எங்க நைனா போட்டுல வாடான்னாரு. கடல் வேணாம், பேஜாரு, இரும்புதான் நம்ம தொழிலுன்னு பன்னெண்டு வருசமா இத்தை ஓட்டினு கீறேன். இத்தை வுட்டா எனக்கு இன்னா மேடம் தெரியும்?"

"ஒண்ணும் ஆகாதுண்ணா."

"நீ எழுதுனா கரீக்ட்டாதான் எழுதியிருப்ப. அதான் ஒரே தைரியம்."

வியாழக்கிழமை, பதினோராம் நாள். விசாரணைக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்தவர் ஜானட் என்ற அதிகாரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் பேசுகிறவர். ஒரு பக்கம் செங்குட்டுவன், எதிரில் திலீப். யசோதரா ஓரமாகக் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தாள்.

ஜானட் வாக்குமூலத்தை எடுத்தார். ஒரு சொல்லின் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தது.

"பெட்டியைத் தூக்கும்போது உள்ளே யாரோ குத்துற சத்தம் கேட்டிருக்கு. கேட்டும் தூக்கியிருக்கீங்க. அப்படித்தானே?"

திலீப்புக்கு ஒரு கணம் புரியவில்லை. "குத்துற சத்தமா? நான் எங்க மேடம் அப்டி சொன்னேன்? தொப்புனு வுயுந்த மாரி கேட்டுச்சுன்னுதான் சொன்னேன்."

"இதுல தம்ப்னு இருக்கு. உங்க கையெழுத்தும் இருக்கு."

"இங்கிலீசு அவங்க எழுதுனாங்கோ. நான் சொன்னது அவங்களுக்குத் தெரியும்." அவர் ஓரத்தைப் பார்த்தார். "யசோ மேடம், நீயே சொல்லேன்."

யசோதரா எழுந்து நின்றாள். பேனா கீழே விழுந்து உருண்டது.

"அது தட்னு இருக்கணும் மேடம். அவர் விழற சத்தம்னுதான் சொன்னாரு. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"வித்தியாசம் தெரியாம எழுதிட்டீங்களா?"

இதுதான் வழி என்று பட்டது. ஆமாம் என்று சொன்னால் போதும். அரசுப் பள்ளியில் படித்த பெண், ஆங்கிலம் தடுமாறிவிட்டது. யாரும் நம்புவார்கள். திலீப்பும் பிழைப்பார், அவளும் பிழைப்பாள்.

"ஆமா மேடம்."

ஜானட் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கோப்பைப் பின்னால் புரட்டினார். பழைய அறிக்கைகள். "இதெல்லாம் உங்க எழுத்துதானே? பிப்ரவரியில பலகை அடுக்கு சரிஞ்சு விழுந்திருக்கு. தட்னு போட்டிருக்கீங்க. மார்ச்ல ஒரு டிரைவர் கோபத்துல கேபின் கதவைக் குத்தியிருக்காரு. தம்ப்னு போட்டிருக்கீங்க. ரெண்டும் சரியான இடத்துல. இதுல மட்டும் எப்படித் தெரியாம போகும்?"

யசோதரா குனிந்து கீழே கிடந்த பேனாவை எடுத்தாள்.

"கூட வேலை செய்யற ஆளு மேடம்," என்றார் செங்குட்டுவன். "பாவம் பார்த்துக் காப்பாத்தலாம்னு பார்க்கறா. சின்னப் பொண்ணு."

"புரியுது." ஜானட்டின் குரலில் கடுமை இல்லை. "உக்காருங்கம்மா. அவருக்காக இப்போ மாத்திச் சொல்றீங்க. நான் அன்னைக்கு எழுதினதைத்தான் எடுத்துக்க முடியும்." பேனாவின் மூடியைக் கழற்றினார்.

திலீப் இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்து வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளைத் திட்டியிருக்கலாம். பொய் சொல்றியே என்று கத்தியிருக்கலாம். அவர் அப்படிப் பேசாமல் இருந்ததைத்தான் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அவள் உட்காரவில்லை.

"தெரிஞ்சுதான் எழுதினேன் மேடம்."

பேனா நின்றது. "அவர் சொல்லாத வார்த்தையையா?"

"அவர் சொன்னது எனக்குச் சரியாக் கேட்டுச்சு. ஆனா கை அதை எழுதல. காலையிலேர்ந்து என் காதுல வேற சத்தம் இருந்தது. அதைத்தான் எழுதிச்சு."

"என்ன சத்தம்?"

செங்குட்டுவன் நாற்காலியில் நிமிர்ந்தார். "யசோதரா, பார்த்துப் பேசு."

இதுவரை இத்தனை பேர் முன்னால் அவள் இத்தனை வாக்கியம் பேசியதில்லை. திலீப்பைப் பார்த்துச் சொல்ல நினைத்தாள். முடியவில்லை. மேசையில் கிடந்த தாளைப் பார்த்துச் சொன்னாள்.

"அவர் தூக்கினது பதினொன்னு அஞ்சுக்கு. நான் கேட்டது பதினொன்னு நாப்பதுக்கு. மூணாவது அடுக்கிலேர்ந்து வந்துது. முதல்ல தகடு விரியற சத்தம்னு நெனச்சேன். ஆனா தகடு ரெண்டு ரெண்டா அடிக்காது மேடம். ரெண்டு தட்டு, நிறுத்தம், ரெண்டு தட்டு. பதினாலு தடவை எண்ணினேன். உள்ள ஆள் இருக்காங்கன்னு எனக்குத் தெரிஞ்சுது. மறுபடியும் எல்லாரும் சிரிப்பாங்கன்னு, நான் எழுந்து போய் கேபின் ஜன்னலைச் சாத்திட்டு வந்து உக்காந்துட்டேன்."